நீடில் அக்காவும் மல்லாந்தானும்

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் ரோட்டில் அவிநாசிபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இடதுபுறம் திரும்பினால் நஞ்சப்பனுடைய பனியன் கம்பெனி. அங்கே நூற்றெழுபது தையல் மெஷின்கள் ஓடின. அத்தனை மெஷின்களின் ஊசிகளும் விஜயராணியின் பொறுப்பு. உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் அவளுடைய மேசை, மேசைக்குப் பின்னால் பூட்டுப் போட்ட பீரோ, மேசைமேல் ஒரு நீளமான நோட்டு. நோட்டுக்குப் பெயர் நீடில் ரெக்கார்டு. அதனால் அவளுக்குப் பெயர் நீடில் அக்கா.

ஊசி விஷயத்தில் கம்பெனிக்கு ஒரு சட்டம் உண்டு. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதிக்கொடுத்த சட்டம். தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு அவளிடம் வர வேண்டும். அவள் அவற்றை நோட்டில் வரிசையாக ஒட்டி, முழு ஊசியின் நீளம் வருகிறதா என்று பார்ப்பாள். வந்தால்தான் புது ஊசி. முனை மட்டும் காணோம் என்றால் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் சட்டைகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய், இரும்பு இருந்தால் கத்துகிற மெஷினுக்குள் விட்டு எடுக்க வேண்டும். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு குழந்தையின் முதுகில் அந்த முனை குத்திவிடக் கூடாது. தையல்காரர்கள் கெஞ்சுவார்கள். "கடுகளவு துண்டுக்கா" என்பார்கள். "கடுகளவுதான் குத்தும்" என்பாள் அவள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. தொண்ணூற்று நாலில் புருஷன் இசக்கிமுத்துவோடும் எட்டு வயசு மகளோடும் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். மூன்றாம் வருஷம் இசக்கிமுத்து, இந்த ஊர்த் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அவளும் தேடிக்கொண்டு போகவில்லை. மகளைப் பன்னிரண்டு வரை படிக்கவைத்து, ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, லைன் வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தாள். தனியாக இருப்பதில் தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று கேட்டவர்களிடம் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

இரண்டாயிரத்து எட்டு திருப்பூருக்கு நல்ல வருஷம் இல்லை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. வெளிநாட்டில் ஏதோ பேங்க் விழுந்ததாம், இங்கே ஆர்டர் விழவில்லை. நஞ்சப்பன் கெட்ட மனுஷர் இல்லை. குண்டடத்தில் சோளமும் எருமையுமாக இருந்த குடும்பத்தில் பிறந்து, சின்ன வயசில் இன்னொருத்தர் கம்பெனியில் துணி பிரித்து அடுக்கி, படிப்படியாக வந்தவர். ஆனால் பயம் வந்துவிட்டால் யார் பேச்சையும் கேட்பார். பெருமாள்சாமி என்று ஒரு வாஸ்துக்காரர் வந்தார். கையில் திசைகாட்டியோடு கம்பெனியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, வடகிழக்கு மூலையில் நீர் இல்லை, அதுதான் குறை என்றார். அந்த மூலையில் விஜயராணியின் மேசை இருந்தது. மேசையை இரண்டடி நகர்த்திவிட்டு நாலடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டியை வைத்தார்கள்.

தொட்டியில் கப்பி, மோலி, நியான் டெட்ரா என்று பல ஜாதி மீன்களைக் கலந்து விட்டார்கள். கூடவே, கீழே விழும் தீனியைத் தின்று சுத்தம் பண்ணும் என்று மீசை வைத்த பழுப்பு மீன் ஒன்றும் வந்தது. இவற்றையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்று மேனேஜர் தங்கதுரை சுற்றும் முற்றும் பார்த்தார். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளும், லீவே போடாதவளும் ஒருத்திதான். "நீங்களே பாத்துக்குங்கம்மா" என்றார். மீன் என்றால் குழம்பு என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது. சரி என்று நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, மீன்களுக்கு ஒரு ரெக்கார்டு ஆரம்பித்தாள். சட்டம் அதேதான். செத்த மீனைக் கண்ணால் பார்த்தால்தான் புது மீன்.

முதல் நாள் மத்தியானமே வாட்ச்மேன் தவசி தொட்டிக்குள் வலையை விட்டார். தவசிக்கு அறுபது வயசு நெருங்குகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், மழை பொய்த்ததும் யூனிஃபாரம் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார்.

"ஒண்ணு போயிருச்சுங்க அம்மிணி. மல்லாக்க மெதக்குது" என்றார்.

மீசைக்கார மீன் வயிறு மேலே, முதுகு கீழே என்று கிடந்தது. வலை பக்கத்தில் போனதும் அப்படியே மல்லாந்தபடி விருட்டென்று ஓடிப்போய்க் கல்லுக்குள் ஒளிந்துகொண்டது. தவசி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மிதந்தது, மறுபடியும் வலை, மறுபடியும் ஓட்டம். மூன்றாவது தடவை விஜயராணி வலையைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். செத்த மீன் வலைக்குப் பயந்து ஓடாது என்பது மீன் வளர்ப்பில் அவளுடைய முதல் கண்டுபிடிப்பு. அதை ரெக்கார்டில் எழுதினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்க அதற்கு மல்லாந்தான் என்று பேர் விழுந்துவிட்டது. டீ டைமில் ஆள் ஆளுக்கு வந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். குடித்திருக்கிறது என்றார் ஒருவர். ஓவர்டைம் பார்த்த அசதி என்றார் இன்னொருவர்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் கன்னையன் ஆக்சிஜன் பையில் மீன் கட்டிக்கொண்டிருந்தார்.

"வந்த நாளிலருந்து மல்லாக்கவே கெடக்கு. என்ன கொறையின்னு சொல்லும்" என்றாள்.

"கொறையெல்லாம் இல்லீங்க. அது சாதியே அப்புடித்தானுங்க. ஆப்பிரிக்காவுல ஆத்துல, எலைக்கு அடியில, கட்டைக்கு அடியில தொங்கிட்டே பூச்சி புடிச்சுத் திங்கும். ஆனா..." என்று இழுத்தார் கன்னையன்.

"ஆனா என்னங்கேன்?"

"இதே மாதிரி இன்னொரு சாதி இருக்குதுங்க. குட்டியில ரெண்டும் ஒண்ணு போலத்தான். அது அப்பப்ப மல்லாக்கும், அப்பறம் நேராயிரும். அடி நீளம் வளந்து, கூட இருக்கற பொடி மீனையெல்லாம் முழுங்கிரும். மெட்ராசுலருந்து கலந்து வருதுங்களா, நான் உங்களுக்கு எதைக் குடுத்தேன்னு எனக்கே ஞாபகம் இல்லீங்க."

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு விஜயராணியிடமிருந்து தப்பித்தவர்கள் கிடையாது. கன்னையன் அரை மணி நேரம் நின்று விவரம் சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல ஜாதிக்கு வயிறு கறுப்பு, முதுகு வெளுப்பு. மற்ற மீனுக்கெல்லாம் முதுகுதான் கறுப்பாக இருக்கும், மேலேயிருந்து பார்க்கும் கொக்குக்குத் தெரியாமல் இருக்க. இது தலைகீழாகவே வாழ்வதால் கறுப்பும் இடம் மாறிவிட்டது. நாலு இன்ச்சுக்கு மேல் வளராது. முதுகுத் துடுப்பு கொடி மாதிரி உயர்ந்து நிற்காது. செதில் இல்லாத உடம்பு என்பதால் உப்பு, மருந்து எதையும் தாங்காது. வெளிச்சம் கூசும், தொங்குவதற்கு ஒரு கூரை வேண்டும்.

திங்கட்கிழமை பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் கழுவிக் கொண்டுவந்து, ஓரத்தை ஒரு கல்மேல் தூக்கினாற்போலத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தாள். மல்லாந்தான் அதன் உட்கூரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு தொங்கியது. பிறகு கட்டிங் செக்ஷனில் இன்ச் டேப் கடன் வாங்கி, கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து மீனை அளந்தாள். சட்டைக்கு எழுதுகிற மாதிரியே அளவு ஷீட் ஒன்று தயாரானது. நீளம் இரண்டரை இன்ச், மீசை முக்கால் இன்ச், கூடவோ குறையவோ கால் இன்ச் அனுமதி. வாராவாரம் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அளவு. ஆறு வாரத்தில் நீளம் ஒரு நூல் கூடக் கூடவில்லை. வயிறு கறுப்பு, துடுப்பு குட்டை, டெட்ராக்கள் அத்தனையும் உயிரோடு. ஷீட்டின் அடியில் "நல்ல ஜாதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அளக்கிற சாக்கில் தினமும் பேசவும் ஆரம்பித்திருந்தாள். அதிகமாக ஒன்றும் இல்லை. "என்ன, சாப்ட்டியா" என்பாள். கரண்ட் போனால், "இரு, ஜெனரேட்டர் போட்டுருவாவ, தொட்டிக்குக் காத்து வந்துரும்" என்பாள். தீனியைத் தூவினால் மல்லாந்தான் மேலே வந்து, தண்ணீர்ப் பரப்பை வாயால் மேய்ந்துகொண்டே அவள் பக்கமாக வரும். அவள் கை வேறு, தங்கதுரை கை வேறு என்று அதற்குத் தெரிந்திருந்தது. காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அவளுக்குள் ஒரு சந்தோஷம் தொற்றிக்கொள்ளும். அது மீனால் வருகிற சந்தோஷம் என்பது தெரிந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கார்த்திகையில் இரண்டு ஆர்டர்கள் அடுத்தடுத்துக் கேன்சல் ஆயின. நஞ்சப்பன் பெருமாள்சாமிக்குப் போன் போட்டார். வாஸ்துக்காரர் வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். மல்லாந்தான் சிரட்டையிலிருந்து வெளியே வந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது.

"இதென்னங்க இது? மூலையில தலைகீழா ஒரு உசுர வெச்சுக்கிட்டு, தொழில் நேரா ஓடோணும்னா எப்புடிங்க ஓடும்?" என்றார்.

நஞ்சப்பன் முகம் வெளுத்துவிட்டது. இன்னும் எட்டு நாளில் வெள்ளிக்கிழமை, துணி வாங்கும் பெரிய பையர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வருகிறார். அந்த ஆர்டரும் போனால் பாதி மெஷினை நிறுத்த வேண்டும். அவர் விஜயராணியின் மேசைக்கு வந்தார்.

"அம்மிணி, வெள்ளிக்கெழமைக்குள்ள அது நேராகோணும். ஆகலீன்னா கொண்டுபோயி நொய்யல்ல உட்டுருங்க. கொல்ல வேண்டாம். உசுருங்க, பாவம்."

நொய்யலில் அப்போது சாயப்பட்டறைக் கழிவு கலந்து திங்கட்கிழமை சிவப்புத் தண்ணீர் ஓடும், செவ்வாய்க்கிழமை நீலம். தவளை கூடக் கரையில் நின்று யோசிக்கும் ஆறு அது. அதில் மீனை விடுவது பாவம் சேராத காரியம் என்று நஞ்சப்பன் மனசார நம்பினார்.

விஜயராணி எழுந்து, பக்கத்தில் கிடந்த ஒரு வெட்டுத் துணியை எடுத்து முதலாளியின் முன்னால் விரித்தாள்.

"முதலாளி, இதுல நல்ல பக்கம் எது?"

நஞ்சப்பன் பார்க்கக்கூட இல்லை, விரலால் தடவினார். "இதுதானுங்க."

"இதைத் திருப்பிப் போட்டாலும் நல்ல பக்கம் நல்ல பக்கந்தான? இந்த மீனுக்கு வயிறுதான் நல்ல பக்கம். கறுப்புச் சாயம் அங்கனதான் ஏறியிருக்கு பாருங்க. அது சரியாத்தான் நீந்துது. நாமதான் அதைத் தப்புப் பக்கமாப் பாக்கோம்."

நஞ்சப்பன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். துணிக்காரர் அல்லவா, விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க சொல்றது நெசந்தானுங்க. ஆனா பையருக்குத் தெரியோணுமில்லீங்க? உள்பக்கம் வெளிய தெரிஞ்சா அவன் ரிஜெக்ட்டுன்னுதானுங்க சொல்லுவான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு தினமும் காலையில் கேபினுக்குப் போகும் வழியில் நின்று கேட்பார். "நேராச்சுங்களா?" அவள், "இல்ல முதலாளி" என்பாள். செவ்வாய் இல்லை. புதன் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியை வாங்கி பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நொய்யலுக்கு இல்லை. லைன் வீட்டுக்கு. வாளியில் எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துக்கொண்டே படுத்தாள், தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கு அவள் உள்ளே நுழையும்போது தொட்டியைச் சுற்றிக் கூட்டம். நஞ்சப்பன் நெற்றியில் சந்தனத்தோடு நடுவில் நின்றார். தங்கதுரை ஒரு பெட்டி மைசூர்பாகை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மிணி! நேராயிருச்சுங்க!" என்றார் நஞ்சப்பன். கண்ணில் தண்ணீர் நின்றது.

மல்லாந்தான் தொட்டியின் அடியில், இரண்டு கல்லுக்கு நடுவில், முதுகு மேலே, வயிறு கீழே என்று எல்லா மீனையும் போல உட்கார்ந்திருந்தது. தண்ணீர் என்றுமில்லாத தெளிவாக, பளிச்சென்று இருந்தது. கப்பிகளும் மோலிகளும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வரவேற்கிறது பாருங்க என்றார் யாரோ.

விஜயராணி குனிந்து பார்த்தாள். மல்லாந்தானின் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உடம்பு சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தது. அவள் கையைக் கண்ணாடியில் வைத்தாள், அது திரும்பவே இல்லை. மூடியைத் தூக்கி மோந்தாள். ப்ளீச்சிங் நெடி.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் சாம்பிள் துணி வெளுக்கிறார்கள். அந்தத் தொட்டித் தண்ணீரை யாரோ கொண்டுவந்து இதில் ஊற்றியிருக்கிறார்கள். பழுப்படித்த பனியன் துணியே வெள்ளையாகும்போது பழுப்படித்த தண்ணீர் வெள்ளையாகாதா என்று நினைக்கிற புத்தி இந்த ஊரில் மட்டும்தான் வரும். அரை டம்ளர் ஊற்றியிருந்தால் அதிகம். செதில் இருக்கிற மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. செதில் இல்லாதது உட்கார்ந்துவிட்டது.

"முதலாளி, தண்ணியில ப்ளீச்சிங் கலந்திருக்கு. மீன் சாவுது" என்றாள்.

நஞ்சப்பன் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"அம்மிணி, இன்னிக்குத்தானுங்க நேராச்சு. ஒண்ணும் பண்ணாதீங்க. பையர் வந்துட்டுப் போயிரட்டும். ரெண்டே ரெண்டு மணி நேரம். அப்பறம் நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க."

இந்த ரெண்டு மணி நேரத்தை விஜயராணிக்குத் தெரியும். திருப்பூருக்கு வந்த புதிதில் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் இருந்தாள். ஒரு நாள் ஊசி உடைந்து முனை கட்டைவிரலுக்குள் போய்விட்டது. அன்றைக்கும் வெளிநாட்டுக்காரர் ஃப்ளோருக்குள் நின்றார். ரத்தம் தெரிந்தால் கெட்ட பேர், ரெண்டு மணி நேரம் பொறும்மா என்று சூப்பர்வைசர் விரலில் துணியைச் சுற்றி டாய்லெட்டில் உட்காரவைத்தார். வெளியே போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மீதித் துண்டெல்லாம் இருக்கா? அந்த ரெண்டு மணி நேரத்தில் அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது வந்து கை எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள் என்று நினைத்தாள். யாரும் வரவில்லை. அந்தக் கோபம் பதினாலு வருஷமாக அவளிடம் பத்திரமாக இருந்தது.

"முடியாது முதலாளி" என்றாள். தனக்குச் சரியாகக் காது கேட்கவில்லையோ என்று நஞ்சப்பனுக்குத் தோன்றியது. அவரிடம் முடியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் தங்கதுரை ஓடி வந்தார். பையரின் கார் தாராபுரம் ரோட்டிலிருந்து திரும்பிவிட்டதாம், சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே. நஞ்சப்பன் அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், வாசலுக்கு ஓடினார்.

விஜயராணி பின்பக்க ஷெட்டுக்கு ஓடினாள். இந்தக் கம்பெனிக்கு வந்ததிலிருந்து பீரோவைப் பூட்டாமல் அவள் எழுந்து போனதில்லை. அன்றைக்குச் சாவி பீரோவிலேயே தொங்கியது. ஷெட்டில் துணி வெளுக்கும் சாமியப்பன் வெளுத்து முடிந்த துணியை அலசிக்கொண்டிருந்தார். வெளுத்த துணியில் ப்ளீச்சிங் மிச்சம் நின்றால் துணி இற்றுப்போகும். அதை முறிப்பதற்கு ஹைப்போ என்று கற்கண்டு மாதிரி ஒரு உப்பு போட்டு அலசுவார்கள். மீன் கடையிலும் குழாய்த் தண்ணீருக்குப் போடுகிற மருந்து அதுதான், செதில் இல்லாத மீனையும் அது ஒன்றும் செய்யாது என்று கன்னையன் சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, ஹைப்போ ரெண்டு கல்லு குடுங்க."

"என்னத்துக்குங்க?"

"ஒரு மீனு ரிஜெக்ட் ஆகப் பாக்கு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சாமியப்பன் அதற்கு மேல் கேட்கவில்லை.

டிபன் பாக்ஸ் மூடியில் குடிதண்ணீர் விட்டு, கற்களைக் கரைத்து, தொட்டியில் நாலு மூலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். காற்றுக் குழாயை முழுசாகத் திறந்தாள். அதற்குள் பையர் உள்ளே வந்துவிட்டார். பனைமர உயரத்துக்கு ஒரு வெள்ளைக்காரர். தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக நஞ்சப்பனின் கண்ணாடி அறைக்குள் போய், தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் நஞ்சப்பன். அவர் நிமிர்ந்தால் வெள்ளைக்காரர் தோளுக்கு மேல் தொட்டி முழுசாகத் தெரியும்.

ஒன்பதரை. கப்பிகள் கொஞ்சம் கீழே இறங்கின. மல்லாந்தான் அசையவில்லை. தையல்காரி ஒருத்தி உடைந்த ஊசியோடு வந்து நின்றாள். விஜயராணி அவளைக் கவனிக்கவே இல்லை. ஒன்பதே முக்கால். அடித்துக்கொண்டிருந்த செவுள் நின்றுவிட்டது போல இருந்தது. அப்புறம் மெதுவாக ஒரு தடவை திறந்து மூடியது. இன்னொரு தடவை. "எந்திரி, எந்திரி" என்று வாய்விட்டே சொன்னாள்.

பத்து மணிக்கு மல்லாந்தான் கல்லிடுக்கிலிருந்து வெளியே வந்தது. இரண்டு அங்குலம் மேலே எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பிறகு படுக்கையில் புரண்டு படுக்கிற மாதிரி நிதானமாகப் புரண்டு, கறுத்த வயிற்றை முழுசாக மேலே காட்டிக்கொண்டு சிரட்டையைப் பார்த்து நீந்தியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஞ்சப்பன் அதைப் பார்த்தார். அவர் வாய் பாதி திறந்தபடி நின்றது. வெள்ளைக்காரர் எதையோ கேட்டார். தங்கதுரை மொழிபெயர்த்தார். நஞ்சப்பன் பேசவில்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. வெள்ளைக்காரர் மறுபடியும் கேட்டார். அதற்கும் பதில் இல்லை. விஜயராணி டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்தாள். வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, பீரோவைப் பூட்டிச் சாவியை மேசைமேல் வைத்தாள். வியாழக்கிழமை வாங்கிய வாளியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்குக் கார் கிளம்பிப் போனது. நஞ்சப்பன் அவள் மேசைக்கு வந்து எதிரே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அதில் அவர் இதுவரை உட்கார்ந்ததில்லை.

"அது கவுந்தப்ப எனக்குப் பேச்சே வர்லீங்க அம்மிணி. அவன் ஒரு வெலை சொல்றான். நான் பேசாம உக்காந்திருக்கறேன். நான் ஒத்துக்கல போலிருக்குதுன்னு அவனே ஏத்திச் சொல்றான். அப்பவும் எனக்கு வாய் வர்லீங்க. இன்னும் கொஞ்சம் ஏத்திட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறான்."

விஜயராணி வாளியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"அது இனிமே நேராகவே கூடாதுங்க" என்றார்.

"தரையில கெடக்க தீனியத் திங்கையில கொஞ்ச நேரம் நேராத்தான் நிக்கும் முதலாளி. சாயங்காலம்."

நஞ்சப்பன் கவலையோடு யோசித்தார். "அப்பச் சாயங்காலத்துல எந்தப் பையரையும் வரச் சொல்ல வேண்டாம்னு தங்கதுரைகிட்டச் சொல்லிர்றேன்" என்று எழுந்தார். மேசைமேல் கிடந்த சாவியை அவள் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். மீன் பிழைத்ததா என்று அவர் கேட்கவில்லை, அது அவருக்குத் தோன்றவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தவசி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தூரத்திலேயே நின்றார்.

"பொழச்சுக்குச்சுங்களா அம்மிணி?"

காலையிலிருந்து அவள் காதில் விழுந்த அத்தனை பேச்சிலும் இந்த ஒரு கேள்வி மட்டும் இல்லாமல் இருந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"நாந்தானுங்க ஊத்துனேன்" என்றார் தவசி. "தண்ணி பழுப்பா இருந்துச்சுங்க. பையர் வர்றாரு, பளிச்சுன்னு இருந்தா உங்குளுக்கு நல்ல பேரு வருமேன்னு... அது உசுர வாங்கும்னு எனக்குத் தெரியலீங்க. கேட்டுல நின்னுக்கிட்டு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

திட்டுவதற்கு அவளிடம் காலையிலிருந்து வார்த்தைகள் தயாராக இருந்தன. யாராக இருந்தாலும் விடக் கூடாது என்று இருந்தாள். வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. புருஷன் போன அன்றைக்கும் மகளைப் பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்கும் வராத அழுகை. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. டீ குடிக்க வந்தவர்கள் டம்ளரோடு நின்றுவிட்டார்கள்.

தவசி பதறிப்போனார். "அழுவாதீங்க அம்மிணி. அதுக்கு ஒண்ணு ஆனாலும் கன்னையன் கடையில இதே மாதிரி இன்னொண்ணு நானே வாங்கியாறேனுங்க."

"இன்னொண்ணு வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் விஜயராணி. "எனக்கு இதுதான் வேணும்."

எனக்கு இது வேண்டும் என்று அவள் யாரிடமும் சொல்லி அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. தவசி தொப்பியைப் போட்டுக்கொண்டு, வலையைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் மிதந்த தூசியை அவள் சொன்னபடி ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்.